விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தை எடிட் செய்வது: இருட்டை விரட்டாமல் புள்ளிகளை மட்டும் அடக்கும் முழு வழிகாட்டி

போன கார்த்திகைக்கு ஊரில் எடுத்த ஒரே ஒரு படத்தை வைத்துத்தான் இதை முழுக்க எழுதப்போகிறேன். திண்ணையில் அம்மா குனிந்து அகல் ஏற்றுகிறார், எரிகிற ஒரு விளக்கைக் கையில் எடுத்து அதனாலேயே அடுத்ததை ஏற்றுகிறார், முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் வெளிச்சம். பழைய கிராப் சென்சார் கேமரா, 50 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் 1.8, ஷட்டர் 1/60, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 6400. கேமராவின் சின்னத் திரையில் பிரமாதமாக இருந்தது. கணினியில் திறந்தால் முகம் இருட்டு, கரும்பச்சைச் சேலை வெறும் கறுப்பு, மூலையில் எதிர்வீட்டு எல்இடி பல்பின் நீலம், எல்லாவற்றின் மேலும் ரவையைத் தூவிவிட்டது போலப் புள்ளி.

முதல் தடவை எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சத்தை) ஏற்றி, நிழல்களைத் தூக்கும் ஷாடோஸ் ஸ்லைடரை +100 வரை இழுத்து, நாய்ஸ் (அந்தப் புள்ளிகள்தான்) குறைப்பை முழுசாக வைத்து, அப்படியே அம்மாவுக்கு அனுப்பினேன். "லைட்டப் போட்டுட்டா எடுத்தே?" என்று கேட்டார். அவ்வளவுதான், படம் போச்சு. திண்ணை தெரிந்தது, சுவரில் வெள்ளை உதிர்ந்தது தெரிந்தது, மீட்டர் பெட்டி கூடத் தெரிந்தது. விளக்கு மட்டும் எதற்கு எரிகிறது என்றே தெரியவில்லை.

அப்புறம் மறுபடி முதலிலிருந்து செய்தேன். அந்த இரண்டாவது தடவைதான் இந்த வழிகாட்டி. நான் பயன்படுத்துவது லைட்ரூம் கிளாசிக் என்ற அடோபியின் எடிட்டிங் மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம் என்றால் டார்க்டேபிள் இருக்கிறது, இலவசம், ஓப்பன் சோர்ஸ், கொஞ்சம் பழக வேண்டும்; அதில் பெயர் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். எண்களை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், அவை என் படத்துக்கானவை. எதைப் பார்த்து அந்த எண்ணில் நிறுத்தினேன் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

படத்தைத் திறக்கும் முன்

இரண்டு விஷயம். திரையில் நைட் லைட் மாதிரி மஞ்சளாக்கும் வசதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்குத் தானாக ஆன் ஆகிவிடும், நீங்கள் பாட்டுக்குப் படத்தில் மஞ்சளைக் குறைத்துக்கொண்டே போவீர்கள், காலையில் பார்த்தால் அம்மா நீலமாக இருப்பார். இன்னொன்று, அறை விளக்கை முழுக்க அணைத்துவிட்டு உட்காராதீர்கள். இருட்டறையில் திரை ரொம்பப் பிரகாசமாகத் தெரியும், படத்தை இருட்டாகவே விட்டுவிடுவோம். திரையின் பிரகாசத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, சுவரில் படுகிற மாதிரி ஒரு மெல்லிய விளக்கு எரியட்டும்.

ரா ஃபைலாக (கேமரா திருத்தம் செய்யாத மூலப் பதிவாக) எடுத்திருந்தால் நல்லது. 14 பிட் ரா ஃபைலில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள் உண்டு, ஜேபெக்கில் 256 தான். பகல் படத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இருட்டை மேலே இழுக்கும்போதுதான் தெரியும், ஏனென்றால் அந்த 256 படிகளில் இருட்டுக்கென்று கிடைப்பது கொஞ்சம்தான், இழுத்தால் படிப்படியாகப் பட்டை விழும். ஜேபெக் மட்டும் இருந்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கை நடுங்கியோ ஆள் அசைந்தோ மங்கலான படத்துக்கு இங்கே வைத்தியம் இல்லை. ஐஎஸ்ஓவை 800-ல் வைத்து ஷட்டரை 1/8-க்கு இறக்கி எடுத்த சுத்தமான மங்கல் படத்தைவிட, 6400-ல் புள்ளியோடு கூர்மையாக இருக்கும் படம் எவ்வளவோ மேல்.

இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி தவறுகள் தானாக நின்றுவிடும், அதனால் ஒரு நிமிடம். தூறல் ஆரம்பிக்கும்போது சிமென்ட் தரையைப் பாருங்கள். ஓர் இடத்தில் நாலு துளி விழுந்திருக்கும், பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அடைமழை பெய்தால் எங்கும் ஒரே ஈரம். ஒளியும் துளித்துளியாகத்தான் சென்சாரில் வந்து விழுகிறது. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 100 துளி என்றால் அதில் ஏற்ற இறக்கம் சுமார் 10, அதாவது பத்துச் சதவீதம். 10,000 துளி விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஒரு சதவீதம்தான். ஆக, பெரும்பாலான புள்ளிக்குக் காரணம் வெளிச்சம் குறைவாக விழுந்தது. ஐஎஸ்ஓவை ஏற்றியது அதைப் பெரிதாக்கிக் காட்டியது, அவ்வளவே.

இதிலிருந்து கிடைப்பது என்னவென்றால், படத்தின் எல்லா இடத்திலும் ஒரே அளவு புள்ளி கிடையாது. விளக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னம் அடைமழை, தூணுக்குப் பின்னால் இருக்கிற சுவர் தூறல். தூறல் விழுந்த இடத்தை இழுத்து வெளிச்சமாக்கினால் துளிகளின் இடைவெளியும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். முதல் தடவை நான் செய்தது அதுதான்.

முதல் படி: எக்ஸ்போஷர், தோராயமாக

டெவலப் பகுதிக்குப் போய் (விசைப்பலகையில் D) முதலில் எக்ஸ்போஷரை மட்டும் தொடுங்கள். எதைப் பார்த்து நிறுத்துவது? படத்தில் கண் முதலில் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கும், இங்கே வெளிச்சம் பட்ட கன்னம். அது கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் வரை ஏற்றினேன், +0.70 வந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டாக இருக்கிறதே என்று அப்போது கவலைப்படக் கூடாது.

ஹிஸ்டோகிராமை (இடது இருட்டிலிருந்து வலது வெளிச்சம் வரை எவ்வளவு பிக்சல் என்று காட்டும் வரைபடத்தை) பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். எல்லாம் இடது பக்கம் குவிந்திருக்கும், வலது கோடியில் விளக்குச் சுடர்களுக்கு ஒரு மெல்லிய முள். இரவுப் படத்துக்கு அதுதான் சரியான வடிவம். அதை நடுவுக்குக் கொண்டுவர முயன்றால் பகல் ஆகிவிடும். ஆட்டோ பட்டனும் அதைத்தான் செய்யப் பார்க்கும், தொடாதீர்கள்.

லென்ஸ் புரொஃபைல் கரெக்‌ஷன் ஆன் செய்யும் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அகலத் திறந்த லென்ஸில் மூலைகள் இயல்பாகவே இருண்டிருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று மென்பொருள் மூலைகளை மட்டும் ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) வரை கூட ஏற்றிவிடும், ஏற்கெனவே தூறல் விழுந்த இடம், புள்ளி மொத்தமும் மூலையில் வந்து நிற்கும். அந்தப் பகுதியிலேயே விக்னெட்டிங் என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது, 100-லிருந்து 30-க்கு இறக்குங்கள். இருட்டுப் படத்துக்கு மூலை இருண்டிருப்பது அழகும்கூட.

இரண்டாம் படி: ஒயிட் பேலன்ஸ்

படத்தின் மஞ்சள், நீலச் சாயலைச் சரிசெய்வதுதான் ஒயிட் பேலன்ஸ். எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான்.

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறையக் குறைய மஞ்சள். எண்ணெய் விளக்கின் சுடர் சுமார் 1900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2700-லிருந்து 3000 வரை, பகல் வெயில் 5500 பக்கம். லைட்ரூமில் டெம்பரேச்சர் ஸ்லைடரை இறக்க இறக்கப் படத்தின் மஞ்சள் குறையும், ஆனால் அது 2000-க்குக் கீழே போகாது. ஆக, அகல் விளக்கின் நிறத்தை முழுக்க வெள்ளையாக்க ஸ்லைடரால் முடியவே முடியாது. முடிந்தாலும் செய்யக் கூடாது, அதற்கு இரண்டு காரணம்.

ஒன்று கண்ணுக்குத் தெரிவது: விளக்கு வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், அதை வெள்ளையாக்கினால் டியூப் லைட் போட்டது போல் ஆகும். இன்னொன்று உள்ளே நடப்பது. சுடரில் சிவப்பும் மஞ்சளும் ஏராளம், நீலம் ரொம்பவே குறைவு. சென்சாரின் நீலப் பிக்சல்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது தூறலிலும் தூறல். வெள்ளையாக்குவது என்றால் அந்த நீலத்தைப் பல மடங்கு பெருக்குவது, கூடவே அதில் இருக்கும் புள்ளியையும் பல மடங்கு பெருக்குவது. சந்தேகம் இருந்தால் படத்தை போட்டோஷாப்பில் திறந்து சேனல்ஸ் பகுதியில் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக இருக்கும்) சிவப்பை மட்டும் பாருங்கள், பிறகு நீலத்தை மட்டும் பாருங்கள். சிவப்பில் அம்மாவின் முகம் வழவழவென்று இருந்தது. நீலத்தில் முகம் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது, பழைய டிவியில் சேனல் வராதபோது ஓடும் புள்ளிக்கூட்டம் போல.

அதனால் ஐட்ராப்பரை (கிளிக் செய்த இடத்தை நடுநிலை நிறமாக்கும் கருவியை) எடுத்து வெள்ளைக் கோலத்தின் மேல் கிளிக் செய்யாதீர்கள். நான் செய்து பார்த்தேன்: 2000-ல் போய் முட்டியது, சுடர் வெளிறியது, மூலையில் எல்இடி நீலம் மின்சார நீலமானது, நிழலெல்லாம் ஊதாப் புள்ளி. ஸ்லைடரைக் கையால் நகர்த்துங்கள். கேமரா தானாக வைத்திருந்தது 3400 பக்கம், முகம் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தது. 2750-ல் நிறுத்தினேன். வெளிச்சம் பட்ட கன்னம் மாநிறமாகத் தெரிய வேண்டும், சுடரைச் சுற்றி மஞ்சள் வளையம் மிஞ்ச வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் நில்லுங்கள்.

அப்படியும் தோல் ஆரஞ்சாகவே இருந்தால் டெம்பரேச்சரை மேலும் இறக்காதீர்கள். கலர் மிக்ஸரில் ஆரஞ்சின் சாச்சுரேஷனை 10, 15 குறைத்து லூமினன்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நீலச் சேனலைப் பெருக்காமல் அதே வேலை நடந்துவிடும். டார்க்டேபிளில் கலர் கலிபரேஷன் மாட்யூலில் இதே விளையாட்டைச் செய்யலாம்.

டின்ட் பற்றி ஒரு வரி: சில மலிவு எல்இடிகள் பச்சை அடிக்கும், மெஜந்தா பக்கம் 5, 10 தள்ளினால் போதும்.

மூன்றாம் படி: நாய்ஸ்

இப்போதுதான் புள்ளியைத் தொடுகிறோம். தொடும் முன் ஒரு கேள்வி: இந்தப் படத்தை யார், எந்த அளவில் பார்க்கப்போகிறார்கள்?

24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். போனில் பார்க்க 2000 பிக்சலுக்குச் சுருக்கினால் ஒன்பது பிக்சல் சேர்ந்து ஒன்றாகிறது, தூறல் கணக்குப்படி புள்ளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எந்த ஸ்லைடரையும் தொடாமலே. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு ஒவ்வொரு புள்ளியாகத் துரத்திவிட்டு, கடைசியில் அதை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நானும் அந்தக் கூட்டம்தான்.

நாய்ஸில் இரண்டு வகை. நிறப் புள்ளி: சேலையின் கறுப்பில் சிவப்பும் பச்சையுமாகத் தெறித்திருப்பது. வெளிச்சப் புள்ளி: மணல் மாதிரி கறுப்பு வெள்ளையாக இருப்பது. முதலாவதைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் அடிக்கலாம், யாருக்கும் அது பிடிப்பதில்லை. இரண்டாவதைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம், பழைய ஃபிலிம் படத்தின் மணலைப் போலத்தான் இருக்கும்.

லைட்ரூமின் டீடெயில் பகுதியில் ரா படத்துக்குக் கலர் நாய்ஸ் 25 என்று தானாகவே வைத்திருக்கும். 40 வரை ஏற்றினேன். அதற்கு மேல் போனபோது நெற்றிக் குங்குமம் கசிய ஆரம்பித்தது, பொட்டின் ஓரத்துச் சிவப்பு தோலுக்குள் இறங்கி, வேர்த்து வழிந்த மாதிரி ஆனது. நம் படங்களுக்கு இது நல்ல சோதனை, பொட்டு கசிகிறதா என்று பாருங்கள், கசிந்தால் பின்வாங்குங்கள்.

வெளிச்சப் புள்ளிக்கு லூமினன்ஸ் ஸ்லைடர், 20-லிருந்து 30. அல்லது 2023-ல் வந்த டீநாய்ஸ் பட்டன், செயற்கை நுண்ணறிவில் ஓடுவது. அது ரா ஃபைலில் நேராக வேலை செய்கிறது, ஜேபெக்கில் ஓடாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். பழைய பதிப்புகளில் தனியாக ஒரு டிஎன்ஜி (அடோபியின் ரா வடிவம்) ஃபைல் உருவாக்கும், இடத்தை அடைக்கும். புதியவற்றில் அதே படத்திலேயே செய்துகொள்கிறது. ஹீலிங் (கறை நீக்குவது), மாஸ்க் (ஓர் இடத்தை மட்டும் பிரித்துத் திருத்துவது) வேலையெல்லாம் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் செய்தால் பலமுறை திரும்பச் செய்ய வேண்டிவரும்.

டீநாய்ஸின் அமவுண்ட் 50-ல் நிற்கும். அப்படியே ஓகே கொடுக்காதீர்கள். 50-ல் என் படத்தில் அம்மாவின் கன்னச் சுருக்கம் போய், மெழுகில் செய்தது போல் ஆகிவிட்டது. இன்னொன்றைத் தற்செயலாகத்தான் கவனித்தேன்: பின்னால் வாசலில் மங்கலாகத் தெரிந்த புள்ளிக் கோலத்தில் தூரத்து இரண்டு வரிசைப் புள்ளிகளைக் காணோம். மென்பொருள் அதையும் நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிட்டது! அதற்குக் கோலம் தெரியுமா என்ன. 28-ல் வைத்தேன், கோலம் திரும்பி வந்தது, முகத்தில் மெல்லிய மணல் மிஞ்சியது, அது இருக்கட்டும்.

எப்போதும் மூன்று இடங்களை நூறு சதவீதத்தில் பாருங்கள்: கண் இமை, சேலை ஜரிகையின் ஓரம், படத்தில் இருப்பதிலேயே நுணுக்கமான ஏதாவது ஒன்று (எனக்குக் கோலம், உங்களுக்குக் கடைப் பலகையின் எழுத்தாக இருக்கலாம்; தூரத்து எழுத்துகளை இந்த நுண்ணறிவு எந்த மொழியிலும் இல்லாத எழுத்தாக மாற்றிவிடும்). மூன்றும் பிழைத்திருந்தால் அளவு சரி.

டார்க்டேபிளில் இதற்கு டீநாய்ஸ் புரொஃபைல்டு என்ற மாட்யூல். பல கேமராக்களுக்கு ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் நாய்ஸ் எவ்வளவு வரும் என்று அளந்து வைத்த கணக்கு அதனுள் இருக்கிறது, உங்கள் மாடல் பட்டியலில் இருந்தால் ஆன் செய்தாலே பெரும்பாலும் போதும், பலத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எதை இருட்டாக விடுவது

ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடது பக்கம் இழுத்தால் சுடரைச் சுற்றிய மஞ்சள் திரும்பக் கிடைக்கும். −40 வரை சுகம். −100 வரை இழுத்தால் சுடரின் நடு சாம்பலாகும், அழுக்குத் துணி நிறம். சுடரின் நடுப்பகுதி வெள்ளையாக வெடித்திருப்பது தவறே இல்லை, நேரில் பார்த்தாலும் அப்படித்தானே கூசுகிறது. ஜே விசையை அழுத்தினால் வெடித்த இடங்கள் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பு சுடரோடு நின்றால் விட்டுவிடுங்கள், நெற்றிக்கோ மூக்கு நுனிக்கோ வந்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

ஷாடோஸ், +25. அதற்கு மேல் இல்லை. முதல் தடவை +100 வைத்த கை துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு பலர் மறந்துவிடுவது பிளாக்ஸ். ஷாடோஸை ஏற்றினால் படம் முழுக்க ஒரு சாம்பல் மூட்டம் வந்துவிடும், புகை போட்ட மாதிரி. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பிளாக்ஸை இடது பக்கம் நகர்த்துங்கள், திரை வெள்ளையாகி, முழுக் கறுப்பான இடங்கள் மட்டும் தென்படத் தொடங்கும். ஓட்டுக்கூரையின் அடி, தூணுக்குப் பின்னால் என்று இரண்டு மூன்று இடம் முழுக் கறுப்பாகும் வரை இறக்கினேன், −18. நாய்ஸில் பெரும்பகுதி அந்தக் கறுப்புக்குள் புதைந்துபோகும். எந்த டீநாய்ஸ் பட்டனையும்விட நல்ல டீநாய்ஸ் இதுதான் என்பது என் கட்சி. அங்கே பார்க்க எதுவும் இல்லை என்றால் ஏன் காட்ட வேண்டும்? மீட்டர் பெட்டி அங்கேதான் இருக்கிறது.

டார்க்டேபிளில் இதையெல்லாம் டோன் ஈக்வலைசர் செய்யும், வெளிச்சத்தின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கைப்பிடி. பழகினால் லைட்ரூமைவிட நுட்பம்.

ஐந்தாம் படி: மாஸ்க்

முகத்தின் இருண்ட பாதியை இனி தனியாகக் கொஞ்சம் தூக்கலாம். மாஸ்க்கிங்கில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி முகத் தோலைத் தானாகப் பிடிக்கும், ஆனால் இவ்வளவு இருட்டில் பாதி முகத்தை விட்டுவிடுகிறது. நான் ரேடியல் மாஸ்க் ஒன்றை முகத்தின் மேல் போட்டு, ஃபெதரை (ஓரம் மெல்லக் கரையும் அளவை) நன்றாக ஏற்றி, எக்ஸ்போஷர் +0.40, அந்த மாஸ்க்குக்குள் இருக்கும் நாய்ஸ் ஸ்லைடரை +15 வைத்தேன். தூக்கிய இடத்தில் புள்ளியும் தூக்கும், அங்கேயே அதை அடக்குவதற்கு.

எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல், விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வெளிச்சம் வர வேண்டும். என் படத்தில் விளக்கு கீழே வலது பக்கம். தாடையும் வலது கன்னமும் பிரகாசம், இடது நெற்றி இருட்டு. இடது நெற்றியை வலது கன்னத்துக்குச் சமமாகத் தூக்கினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்குப் படம் பொய்யாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டாப்பாவது வித்தியாசம் இருக்கட்டும்.

எதிர்வீட்டு எல்இடி நீலத்துக்கு மூலையில் இன்னொரு மாஸ்க். டெம்பரேச்சரை மஞ்சள் பக்கம் தள்ளி, சாச்சுரேஷன் −50, எக்ஸ்போஷர் −0.70. முழுக்க அழிக்கவில்லை. தெரு ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் அடையாளம் மிஞ்சியது.

கரும்பச்சைச் சேலைக்கு ஒன்றும் செய்யவில்லை. அம்மா மட்டும், "சேல கலரே தெரியலியே" என்றார். ஜரிகை மின்னுவது தெரிகிறது, போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் படி: ஷார்ப்பனிங், சீக்கிரமாக

அமவுண்ட் 40 தானாக இருக்கும், அப்படியே இருக்கட்டும். ஆல்ட் பிடித்துக்கொண்டு மாஸ்க்கிங் ஸ்லைடரை இழுங்கள், வெள்ளையாகத் தெரியும் இடம் மட்டும் கூர்மையாகும், கறுப்பு தப்பிக்கும். கண், அகலின் விளிம்பு, ஜரிகை மட்டும் வெள்ளையாக மிஞ்சும் வரை, 75, 80 வரும். இதைச் செய்யாவிட்டால் கஷ்டப்பட்டு அடக்கிய புள்ளிகளையே மறுபடி கூர்மையாக்கி வைப்போம். கிளாரிட்டியை முகத்தின் மேல் ஏற்றாதீர்கள், விளக்கு வெளிச்சம் மெத்தென்று விழுவதுதான் அழகு.

திருவிழா மேடை, டியூப் லைட், கறுப்பு வெள்ளை

உங்கள் படம் விளக்கு வெளிச்சம் இல்லாமல் திருவிழா சீரியல் செட்டோ கச்சேரி மேடையோ என்றால் பிரச்சினை வேறு. நீல, மெஜந்தா எல்இடிகள் ஒரே ஒரு சேனலை மட்டும் வெடிக்க வைத்துவிடும், பாடகர் முகத்தில் நீலப் பெயின்ட் அடித்தது போல் விவரமே இல்லாமல் இருக்கும். முதலில் புரொஃபைலை அடோபி நியூட்ரலுக்கு மாற்றுங்கள், பாதி விவரம் அப்போதே திரும்பிவிடும். மீதிக்கு அந்த நிறத்தின் சாச்சுரேஷனை இறக்குங்கள்.

டியூப் லைட், மலிவு எல்இடியில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இவற்றில் பல விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் 1/100-ஐவிட வேகமாக இருந்தால் அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறிமாறி வரும். ஒரு படத்துக்குச் சரிசெய்த ஒயிட் பேலன்ஸை மண்டபத்துப் படங்கள் முந்நூறுக்கும் ஒட்டிவிட்டு, பிறகு பாதிப் பேர் பச்சையாக இருக்கிறார்களே என்று முழித்திருக்கிறேன்.

எதுவுமே சரிவராத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இதில் ஒரு வித்தை உண்டு. விளக்கு வெளிச்சத்தில் சுத்தமாக இருப்பது சிவப்புச் சேனல் என்று பார்த்தோம் அல்லவா, பிளாக் அண்ட் ஒயிட் மிக்ஸில் சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றி, நீலத்தை இறக்கிவிடுங்கள். புள்ளி குறைவாகத் தெரியும், தோலும் துலங்கும்.

போனில் எடுத்த படம்

போனின் நைட் மோடு பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றாகக் கலந்து, நாய்ஸை அதுவே குறைத்து, ஷாடோஸையும் அதுவே தூக்கித் தருகிறது. அதன் மேல் நீங்கள் இன்னொரு தடவை நாய்ஸ் குறைத்தால் மெழுகுக்கு மேல் மெழுகு. இதற்கு எதிர்த் திசையில் போங்கள்: ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் ட்யூன் இமேஜ் திறந்து ஷாடோஸை −20, −30 இறக்குங்கள், வார்ம்த்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இரவு திரும்பி வரும். லைட்ரூம் மொபைல் செயலியின் கேமராவில் பல போன்களில் டிஎன்ஜியாக எடுக்கலாம், அப்படி எடுத்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

போன் செய்கிற அந்த வேலையைக் கையாலும் செய்யலாம், அசையாத காட்சியாக இருந்தால். ட்ரைபாடில் வைத்து ஒரே மாதிரி நாலு படம் எடுத்துச் சராசரி எடுத்தால் புள்ளி பாதியாகும், ஒன்பது எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் நாலையும் லேயர்களாக அடுக்கி, கீழிருந்து மேலாக ஒப்பாசிட்டியை 100, 50, 33, 25 என்று வையுங்கள், அதுதான் சராசரி. தீபம் ஏற்றிய கோபுரம், மலை, தெரு இதற்கெல்லாம் அருமையாக வரும். சுடர் மட்டும் ஆடியிருக்கும், அதை ஒரே படத்திலிருந்து எடுத்து மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். அம்மா அசையாமல் நிற்க மாட்டார் என்பதால் எனக்கு இது உதவவில்லை.

கடைசிப் படி: வெளியே அனுப்புவது

போனுக்கு எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற வரம்பு), நீளப் பக்கம் 2048 பிக்சல், குவாலிட்டி 85. ரொம்பச் சுத்தமாக்கிய இருட்டுச் சுவர் ஜேபெக்கில் பட்டைப் பட்டையாகப் பிரியும். எஃபெக்ட்ஸ் பகுதியில் கிரெயின் 12, 15 போட்டால் அந்தப் பட்டை மறையும். ஆமாம், இவ்வளவு நேரம் புள்ளியை விரட்டிவிட்டு இப்போது நாமே போடுகிறோம். சீரான மணல் கண்ணை உறுத்தாது. வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் இருட்டுப் பகுதியைத்தான் முதலில் நசுக்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

பிரிண்ட் வேறு கதை. இதே படத்தை ஒரு லேபில் 12-க்கு 18 அளவில் போடக் கொடுத்தேன், தூண் எது சேலை எது என்று தெரியாத கறுப்பாக வந்தது. கோபமாகக் கிளம்பிப் போனால், பக்கத்தில் வைத்திருந்த மற்றவர்களின் பிரிண்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் திரை முழுப் பிரகாசத்தில் இருந்ததுதான் காரணம். திரை தானே ஒளிர்கிறது, காகிதம் அறை வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டுகிறது. இப்போதெல்லாம் ஒரே படத்தை எக்ஸ்போஷர் அப்படியே, +0.3, +0.6 என்று மூன்றாக எக்ஸ்போர்ட் செய்து, முதலில் 4-க்கு 6 அளவில் மூன்றையும் போட்டு வாங்கி, படம் மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டிவைத்து ராத்திரி லைட்டில் பார்க்கிறேன். இந்தப் படத்துக்கு +0.6 எடுத்துக்கொண்டேன், சாதாரணக் கண்ணாடி போட்டால் எதிரே இருக்கும் டியூப் லைட் அந்தக் கறுப்பில் அப்படியே தெரிகிறது என்று ஃப்ரேமைக் கண்ணாடி இல்லாமல் மேட் லேமினேஷனில் போடச் சொல்லியிருக்கிறேன்.